ஓட்டுநர் இல்லாத காரில் நம்ம பெரியவர்கள்: பார்த்ததைப் பகிருங்கள்

மதுரை, அண்ணாநகர்:

தானே ஓடும் காரில் பயணிகள் முன்னால் இருக்கும் திரையை வடிவமைப்பது என் வேலை. கார் ஓடுவது அமெரிக்காவில். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர்ப் பெரியவர்களும் அதில் ஏறுகிறார்கள். அதனால் மாதிரித் திரைகளை டேப்லெட்டில் போட்டு இங்கேயே பலரிடம் காட்டுகிறேன்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே விரல் காய்த்துப்போன ஒரு அம்மா. 'நிறுத்து' என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தியும் டேப்லெட் அசையவில்லை. விரலில் கொஞ்சம் ஈரப்பசை இருந்தால்தான் தொடுதிரை அதை நன்றாக உணரும். காய்ந்து தடித்த தோல் அதற்குச் சரியாகப் புலப்படாது. "ரேசன் கடை மிசினும் என் கையைத் தெரியலைன்னுதாம்ப்பா சொல்லுது" என்றார். அன்றிலிருந்து நான் சொல்லிவருவது ஒன்றுதான்: வண்டியை நிறுத்தச் சொல்லும் பொத்தான் திரையில் மட்டும் இருக்கக் கூடாது. கதவோரத்தில், தடவினாலே கைக்குத் தட்டுப்படுகிற, அமுக்கினால் உள்ளே போய் வருகிற நிஜப் பொத்தான் வேண்டும்.

சத்தமும் அப்படித்தான். வயதாக ஆக முதலில் காதுக்கு எட்டாமல் போவது கீச்சென்ற ஒலி. எச்சரிக்கைக்கு அதையே வைக்கிறார்கள். ஒரு பெரியவர், "ஒத்த விசிலுக்கு பஸ் நிக்கும், ரெட்டை விசிலுக்குக் கிளம்பும், அது மாதிரி வைங்க தம்பி" என்றார். எவ்வளவு சரியான யோசனை! கனத்த மணியோசையில், நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு என்று தமிழ்க் குரலோடு சேர்த்து இப்போது சோதிக்கிறோம்.

கண்புரை உள்ளவருக்கு நீலம் மங்கித் தெரியும். வெளிர்நீலத்தில் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம்.

திருநகர்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் வீடு அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்துப் பக்கம் சாண்ட்லரில். அங்கே வேமோ என்ற நிறுவனத்தின் கார் 2020 அக்டோபரிலிருந்து ஓட்டுநர் இல்லாமலே பொதுமக்களை ஏற்றுகிறது. மேலே சுழலும் குமிழில் நம் பெயரின் முதலெழுத்து ஒளிரும், நம்ம வண்டி எது என்று தேட வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்து, கிளம்பச் சொல்லி அமுக்கினால்தான் நகர்கிறது.

ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பயம் தெளிந்தது பின்சீட்டுத் திரையால். ரோட்டைக் கடக்கும் ஆள், பக்கத்து வண்டி எல்லாம் அதில் உருவமாகத் தெரிகிறது. நான் பார்க்கும் முன்பே வண்டி அவரைப் பார்த்துவிட்டது என்று தெரிந்ததும் சாய்ந்து உட்கார்ந்தேன். திடீரென்று பிரேக் போடும்போது ஏன் என்று வாயாலும் ஒரு வார்த்தை சொன்னால், கண்ணாடி போடாதவர்களுக்கும் நிம்மதி.

மேலூர்:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுக்கும். கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால், டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "பையப் பைய இறங்குங்கய்யா" என்பார். இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை ஆக்சிலேட்டரைத் தொட மாட்டார். போன மாசம் ஆப்பில் பிடித்த கார் மாட்டுத்தாவணிக்கு எதிர்ப்பக்கமே இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஆள் ஓட்டும் வண்டியிலேயே இந்தக் கதி. ஆளில்லாத வண்டி எந்தப் பக்கம் இறக்கப்போகிறது, படி எவ்வளவு உயரம் என்று நிறுத்தும் முன்பே சொல்லுமா? "இறங்கிட்டீங்களா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்குமா?

மதுரை, அண்ணாநகர்:

நிற்க வேண்டும் அண்ணே. 2015-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஸ்டியரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில் பார்வையற்ற ஸ்டீவ் மஹான் தனியாகவே பயணம் செய்தார். அதனால் ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் இன்னும் சரியாகக் கவனிக்கப்படாத இடம். கதவு மூடியதையும் சீட்டில் பாரம் குறைந்ததையும் வண்டி அறியும். கால் ஊன்றியதை அறியாது. அப்பா இறங்குவதை நேரில் பார்த்தால் எனக்குப் பெரிய உதவி. அவருக்குச் சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மேலூர் வரட்டுமா?