மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முந்துவது பணமா, திறமையா?

சாட்ஸ்வொர்த் தாய்மாமன்:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. கோ-கார்ட் ஓடுதளங்களில் நடக்கும் பிட் பைக் எனும் சிறிய மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறான். தன்னைவிட மூத்த பிள்ளைகளையும் வளைவின் உட்புறமாகப் புகுந்து முந்திவிடுகிறான். அவனை ஸ்பெயினில் நடக்கும் இளையோர் பந்தயங்களுக்கு அனுப்புவதற்காக வீட்டின் பேரில் கடன் வாங்கலாமா என்று தங்கையும் மச்சானும் யோசிக்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். உண்மையான திறமை இருந்தால் பணம் தானாகத் தேடி வரும் என்பது என் நம்பிக்கை. நம் தென்னாப்பிரிக்காவின் போச்சஃப்ஸ்ட்ரூமில் பிறந்த பிராட் பைண்டர் 2016இல் ஸ்பெயினின் ஹெரேஸ் பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு வென்றார், அதே ஆண்டு சிறிய வண்டிகளுக்கான மோட்டோ3 பிரிவில் உலகச் சாம்பியனும் ஆனார். 2020இல் செக் நாட்டின் பிர்னோவில், உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் தம் மூன்றாவது பந்தயத்திலேயே, கேடிஎம் நிறுவனத்துக்கு அப்பிரிவில் முதல் வெற்றியைத் தேடித் தந்தார். கடைசி வரிசையிலிருந்து முதல் இடத்துக்கு வருவதை எந்தப் பணம் வாங்கித் தரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெரிபேங்க் பட்டறைக்காரர்:
ஐயா, கடன் வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரி. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பைண்டர் 2012 முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் முழுநேரமாக ஓட்டியவர். நீங்கள் சொல்லும் அந்த ஹெரேஸ் வெற்றிதான் அவருடைய முதல் வெற்றி. இடைப்பட்ட ஆண்டுகளில் வெற்றி இல்லாமலேயே அவரை ஐரோப்பாவில் தங்கவைத்து ஓட்டவைக்க யாரோ செலவு செய்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. திறமை தெரியவரும் வரை காத்திருப்பதற்கும் காசு வேண்டும். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 20 ராண்ட் கொடுக்கும் நம் நாட்டுக் குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கனமானது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பட்டறையில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். வசதியான வீட்டுப் பையன் பயிற்சி நாளில் இரண்டு முறை ஓட்டிவிட்டுக் கழற்றிப் போடும், பள்ளக் கோடுகள் இல்லாத ஸ்லிக் டயரை, இன்னொரு பையன் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போய் மாட்டுகிறான். மேலே பார்த்தால் ரப்பர் இன்னும் தடிமனாகத்தான் இருக்கும். ஆனால் சூடேறி ஆறி மறுபடி சூடேறிய ரப்பர் இறுகிப்போயிருப்பதால், ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் புது டயரைப் போலப் பதியாது. அந்த டயரில் அவன் வளைவைவிட்டு வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் வழுக்குகிறது. பயந்து கொஞ்சம் தாமதமாக முறுக்கிப் பழகுகிறான். நேரம் குறிக்கும் தாளில் அவன் பெயர் கீழே வருகிறது. பார்ப்பவர்கள் அவனுக்குத் துணிச்சல் போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
தம்பி, பழைய டயரின் கதை உண்மைதான். ஆனாலும் பணத்தை முதலில் வைத்துப் பேசினால் இந்த விளையாட்டின் பாதி வரலாற்றை நம்மால் விளக்கவே முடியாது. நம் நாட்டு ஜான் எக்கரோல்டு 1980இல் வண்டி தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்த அணியான தொழிற்சாலை அணி எதுவும் பின்னால் இல்லாமல், சொந்த முயற்சியில் ஓடிய தனி வீரராக 350 சிசி உலகப் பட்டத்தை வென்றார். எதிரே நின்ற அன்டன் மாங் கவாசாகி வண்டியில் வந்தவர். அதைத் திறமை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

2004இல் நம் நாட்டு வெல்கம் ஓடுதளத்தில் இத்தாலி வீரர் வாலண்டினோ ரோசி வென்றதை நான் நேரில் பார்த்தவள். முந்தைய ஆண்டு ஒரு பந்தயத்தில்கூட வெல்லாத யமஹாவை எடுத்துக்கொண்டு, ஹோண்டாவில் வந்த பியாஜியைக் கடைசிச் சுற்று வரை எதிர்த்து நின்று முதல் பந்தயத்திலேயே வென்றார்; பிறகு வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தடுப்பின் அருகே தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டியைவிட ஆள் பெரியவர் என்பதற்கு அன்று அங்கே இருந்த எவருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மெரிபேங்க் பட்டறைக்காரர்:
அக்கா, அதே ரோசி 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகள் டுகாட்டியில் ஓட்டி ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் அவருடைய திறமை எங்கே போயிருந்தது? யமஹாவுக்கு வந்தபோது ஜெர்மி பர்ஜஸ் தலைமையிலான தம் மெக்கானிக் குழுவையும் ஹோண்டாவிலிருந்து அவர் அழைத்து வந்தார்; அவர் கேட்டபடி வண்டியை மாற்றிக் கொடுக்கப் பெரிய நிறுவனம் ஒன்று தயாராக இருந்தது. டுகாட்டிக்கும் அதே பர்ஜஸ் போனார், ஆனால் வண்டி ரோசிக்கு இசைந்து வரவில்லை.

எக்கரோல்டின் காலம் வேறு. அன்று யமஹாவின் பந்தய வண்டியைக் காசு கொடுத்து எவரும் வாங்க முடியும். கைத்திறன் உள்ளவர் அதில் தம் யோசனைகளைச் செய்து பார்க்க முடியும். இன்றைய மோட்டோஜிபி வண்டி விற்பனைக்கே கிடையாது. தனியார் அணியானாலும் நிறுவனத்திடம் குத்தகைக்குத்தான் வாங்க வேண்டும், எந்த ஆண்டு வண்டி என்பதையும் நிறுவனமே முடிவு செய்யும்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
குத்தகை வண்டி என்று சொன்னீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். 2024இல் நான்கு வீரர்கள் முந்தைய ஆண்டு மாதிரியான டுகாட்டி வண்டியில் ஓட்டினார்கள். அவர்களில் மார்க் மார்க்கெஸ் மட்டும் அரகோன், மிசானோ, பிலிப் ஐலண்ட் என்று மூன்று பந்தயங்களில் வென்றார்; மற்ற மூவரும் ஒன்றில்கூட வெல்லவில்லை. ஹோண்டா தொழிற்சாலை அணியின் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு கிரெசினி என்ற சிறிய அணிக்கு வந்தவர் அவர். பணத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்கவே மாட்டார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை டுகாட்டியில் உலகச் சாம்பியனும் ஆகிவிட்டார். கடையில் விற்கும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட சூப்பர்பைக் பந்தயத்தின் பக்கம் பாருங்கள்: அதுவரை அந்த உலகப் பட்டத்தைத் தொட்டிராத பிஎம்டபிள்யூவுக்கு டோப்ராக் ரஸ்காட்லியோலு 2024இல் வந்தார், வந்த ஆண்டே வென்று கொடுத்தார். அந்த நிறுவனத்துக்கு என்ன பணக்குறையா இருந்தது?

மெரிபேங்க் பட்டறைக்காரர்:
ஒரே வண்டியைக் கொடுத்துவிட்டால் திறமைதான் பேசும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நால்வரும் வண்டி கிடைத்தவர்கள். வண்டியே கிடைக்காத நாற்பது பேரைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மார்க்கெஸின் தந்தை மண் அள்ளும் இயந்திரம் ஓட்டிப் பிழைத்தவர். இன்னொரு ஸ்பானிய வீரர் பெத்ரோ அகோஸ்டா மீனவர் மகன். அவர்கள் மேலே வந்ததற்குத் திறமை மட்டும் காரணமில்லை. ஹெரேஸ், பார்சலோனா, அரகோன், வலென்சியா என்று ஸ்பெயின் ஒன்றிலேயே நான்கு உலகத்தர ஓடுதளங்கள்; சிறுவர்களுக்கென்றே அடுக்கடுக்காகப் போட்டிகள். ஏழைப் பிள்ளையும் கண்ணில் படுவதற்கு வேண்டிய செலவை அங்கே ஊரும் நாடும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. டர்பன் பையன் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கயலாமி ஓடுதளத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டுமானால் முதலில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

லெனேசியா வாசகர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எக்கரோல்டையும், 1978, 1979 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 250, 350 என இரு பிரிவுகளில் பட்டம் வென்ற கார்க் பாலிங்டனையும் நாம் பெருமையோடு பேசுகிறோம்; பேசவும் வேண்டும். ஆனால் அவர்கள் பட்டம் வென்ற அதே ஆண்டுகளில், இனத்தின்படி மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தால் வீடிழந்த, இந்திய வம்சாவளியினரான நம் பெற்றோர் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் லெனேசியாவிலும் புதிதாக வாழத் தொடங்கியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் மீது உயிரை வைத்திருந்த இளைஞர்கள் நம் தெருக்களிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பந்தயக் கழகமும் இல்லை, விளம்பரதாரரும் இல்லை. அவர்களுடைய திறமை எந்த அளவில் இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதை அளந்து பார்க்கும் வாய்ப்பே தரப்படவில்லை. “திறமை இருந்தால் வெளியே வரும்” என்ற வாக்கியத்தை நம் சமூகத்தில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நாம் எதைச் சொல்லி வளர்க்கப்போகிறோம்? காசில்லை, ஆகவே கனவு வேண்டாம் என்றா? இளம் வீரர்களுக்கான ரெட் புல் ரூக்கீஸ் கோப்பை 2007 முதல் நடக்கிறது. தேர்வானவர்களுக்கு வண்டியும் டயரும் போட்டியை நடத்துபவர்களே தருகிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கேடிஎம். பைண்டரும் அந்த வழியாக வந்தவர்தான். அகோஸ்டா 2020இல் அதை வென்று, மறு ஆண்டே தோஹாவில், வண்டிகளைச் சரிபார்க்கும் பிட் பாதையிலிருந்து எல்லோருக்கும் பின்னால் புறப்பட்டு மோட்டோ3 பந்தயத்தில் முதலாவதாக வந்தார். வீட்டை அடகு வைக்காமல் போகக்கூடிய கதவு ஒன்று இருக்கிறது என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

மெரிபேங்க் பட்டறைக்காரர்:
அந்தக் கதவு வரை நடந்து போகும் தூரம்தான் என் கவலை. தேர்வு நாளில் கூடும் பிள்ளைகள் பலரும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் பெரிய ஓடுதளங்களில் ஓட்டிப் பழகியிருப்பார்கள். அதோடு 2023 முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் நுழையப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த நல்ல விதி அது, சிறுவர்கள் இறந்த பிறகு வந்த விதி. ஆனால் இன்று பன்னிரண்டு வயதுள்ள பிள்ளையின் குடும்பம் இன்னும் ஆறு ஆண்டுகள் செலவைத் தாங்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் நிம்மதி உண்டா? 2020இல் ஜோன் மிர் பட்டம் வென்ற சுசுகி, 2022 முடிவில் பந்தயத்தையே விட்டுப் போய்விட்டது. பைண்டர் ஓட்டும் கேடிஎம் 2024 நவம்பரில் கடனில் மூழ்கி நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் இந்தியாவின் பஜாஜ் பணம் போட்டுத்தான் அது மீண்டது.

எனக்குச் சரியாகப்படுவது தமிழ்நாட்டு முறை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் டிவிஎஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக ஒரே வகை வண்டிப் பந்தயம் நடத்துகிறது; தேர்வு வைத்து ஆட்களை எடுத்து, நிறுவனமே தயார் செய்த வண்டிகளைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. டர்பனில் பைக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் சேர்ந்து பத்துச் சிறிய வண்டிகளை வாங்கி, ஒரே டயர் போட்டு, பூட்டி வைத்துப் பந்தய நாளில் மட்டும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால், யாருடைய பிள்ளை வேகமானவன் என்பது ஒரு பருவத்துக்குள் தெரிந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
அந்த யோசனைக்கு நான் பணம் தரத் தயார். ஆனால் அது கைகூடும் வரை இந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். ரூக்கீஸ் தேர்வுக்குரிய வயது வந்ததும் விண்ணப்பம் போகட்டும். விமானச் சீட்டுக்கு ஊரில் கையேந்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாட்ஸ்வொர்த் தாய்மாமன்:
இருவருக்கும் நன்றி. திறமையே முதலில் என்ற என் எண்ணம் மாறவில்லை. இருந்தாலும் பட்டறைக்காரர் சொன்ன பழைய டயர் விஷயத்தைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். மருமகனும் அப்படிப்பட்ட டயரில்தான் ஓட்டுகிறான் என்றாள். அவனுடைய சுற்று நேரத் தாள்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மெரிபேங்க் வருகிறோம்.

மெரிபேங்க் பட்டறைக்காரர்:
வாருங்கள் ஐயா. அவனுடைய மிக வேகமான ஒரு சுற்று எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. தொடர்ந்து ஓட்டிய சுற்றுகளின் நேரங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வண்டியையும் கொண்டுவாருங்கள், பின்பக்க டயரைக் கழற்றாமல் அப்படியே.