கொள்கை உங்களுடையது, செலவு யாருடையது? தில்லி அனுபவங்கள்

செக்டார் நான்கு:

மத்திய அரசு வேலை கிடைத்து நான் தில்லிக்கு வந்தது 1981இல். ஓய்வு பெற்றும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கடைசி நாள்வரை கைநீட்டாமல் இருந்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. இப்போது உட்கார்ந்து யோசித்தால், அந்த மிதப்புக்கு ஆன செலவில் என் பங்கு குறைவாகத்தான் தெரிகிறது. அதனால் கேட்கிறேன். மனசாட்சிப்படி நடந்தபோது உங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? உபதேசம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நான் இருந்தது கொள்முதல் பிரிவு. ஒப்பந்தக்காரர்களின் பில் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மாடிப்படிகளில் டிரைவர்கள் பெட்டிகளோடு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். முந்திரி, பாதாம், லட்சுமியும் பிள்ளையாரும் பதித்த வெள்ளிக்காசு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 13ஆவது விதி பரிசுகளைப் பற்றியது. எப்போதாவது யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாலோ ஒரு வேளை சாப்பாடு போட்டாலோ அது பரிசில் சேராது என்று அந்த விதியே விட்டுக்கொடுக்கிறது. நான் விதியைவிடக் கறார். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்க்க வந்தால் அவர் குடிக்கும் டீக்கும் நான்தான் காசு கொடுப்பேன்.

1993 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. நான் அலுவலகத்தில், மனைவி உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது மகன் கதவைத் திறந்து பெட்டியை வாங்கிவிட்டான். சாயங்காலம் நான் வந்தபோது சிவப்பு ஜிகினாக் காகிதம் தரையில் கிடந்தது. ஒரு கிலோ காஜு கத்லி. ஓரத்தில் இரண்டு துண்டுகளைக் காணவில்லை. பையன் உதட்டோரம் வெள்ளித்தாள் மினுக்கியது.

திட்டவில்லை, அடிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து துண்டுகளை எண்ணினேன். வரிசைக்கு இத்தனை, மொத்தம் இத்தனை, குறைவது இரண்டுதான் என்று உறுதிசெய்துகொண்டு கடைக்கு நடந்தேன். எந்தக் கடைக்காரர் இரண்டே இரண்டு துண்டு கொடுப்பார்? கால் கிலோ வாங்கினேன். புதியவை கொஞ்சம் தடிமன். ஓரத்தைக் கத்தியால் சீவி அந்த இடத்தில் பொருத்தி, காகிதத்தை நீவி ஒட்டி, மறுநாள் காலை பஸ் பிடித்து பாரகம்பா சாலையில் அந்த ஆளின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெட்டியை ஒரு குவியலின் மேல் வைத்தாள்.

அன்றிரவு மனைவி சொன்னது: “திருப்பிக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. குழந்தை எதிரில் எண்ணினீர்களே, அதுதான்.” என்னிடம் பதில் இல்லை. இன்றும் இனிப்புக் கடையில் அந்தத் தட்டைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன்.

தயிர்சாதம்:

சார், நான் இன்னும் பணியில் இருப்பவள். அலுவலகம் எதுவென்று கேட்காதீர்கள்.

விடுமுறைப் பயணத்துக்கு அரசே டிக்கெட் செலவு தரும் எல்.டி.சி. சலுகையில் ஜம்மு காஷ்மீருக்கு விமானத்தில் போகலாம் என்று 2010இல் அனுமதி வந்தது. சீக்கிரமே எங்கள் பிரிவுக்கு ஒரு ஏஜெண்ட் வந்துவிட்டார். டிக்கெட்டிலேயே ஓட்டல், சாப்பாடு, படகு வீடு எல்லாம் அடக்கம் என்றார். அதாவது பில்லில் டிக்கெட் விலை ஏறும், மிச்சம் நமக்கு. பிரிவில் எட்டுப் பேர், ஏழு பேர் ஸ்ரீநகர் போனார்கள். நான் இரண்டு பிள்ளைகளோடு நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினேன். மே மாதம், இரண்டு இரவு, கன்னியாகுமரி. நாக்பூரைத் தாண்டுவதற்குள் சின்னவளுக்கு வேர்க்குரு.

அதன்பின் மதியச் சாப்பாட்டு மேஜையில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டில் என்வரை வராது, அவ்வளவுதான். சில ஆண்டுகள் கழித்து விசாரணை வந்தது. எழுதிப்போட்டது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் எழுதவில்லை. யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டியவர்களில் ஒருத்தி என் சிநேகிதி. பெரியவனுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். இப்போது லிஃப்டில் நான் இருந்தால் படியேறிப் போகிறாள். அவளுக்கு மூட்டு வலி வேறு.

பெட்டிக்காரன்:

செக்டார் நான்கு சார், நீங்கள் படியேற விடாத ஆட்களில் நானும் ஒருவன். கரோல் பாக்கில் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். பெட்டிகளில் மூன்று அளவு உண்டு, பதவிக்குத் தக்கபடி. பட்டியலை முதலாளியே உட்கார்ந்து எழுதுவார்.

திரும்பி வரும் பெட்டி எங்களுக்குக் கொண்டாட்டம். நாங்களே பிரித்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தீர்களே, அந்தக் குவியல், அது பெரும்பாலும் ஊழியர்கள் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். உங்கள் சீவல் வேலையை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். மன்னிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்பியவர்கள் பெயருக்கு நேராக முதலாளி ஒரு புள்ளி வைப்பார். நேர்மையான மனிதர், தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக என்று முதலில் நினைத்தேன். அடுத்த ஆண்டு அந்தப் பெயர்களுக்குப் பெரிய அளவுப் பெட்டி போனது. சின்னதைக் கொடுத்ததால் கோபித்துக்கொண்டார்கள் என்பது அவர் கணக்கு. நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருந்தாள், வேலையை விடவில்லை.

ஜனக்புரி மாப்பிள்ளை:

தங்கை என்றதும் எனக்கும் எழுதத் தோன்றியது. 1998இல் என் கல்யாணம். ஒரு குந்துமணித் தங்கம் வேண்டாம் என்று பெண் வீட்டில் நானே நேரில் போய்ச் சொன்னேன். நடத்தை விதிகளில் 13-ஏ என்று ஒன்று இருக்கிறது, வரதட்சணை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. எனக்கு விதி தேவைப்படவில்லை. இருபது வயதிலேயே எடுத்த முடிவு. அம்மா வாய் திறக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்துத் தங்கைக்குத் திருச்சியில் இடம் அமைந்தது. முப்பது பவுன், ஒரு ஸ்கூட்டர். வேறு இடம் பார்ப்போம் என்றேன். “உன் கொள்கைக்கு இவள் காத்திருக்க வேண்டுமா? இருபத்தொன்பது நடக்கிறது” என்றாள் அம்மா. தங்கை அந்த அறையிலேயே பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஜி.பி.எஃப். சேமநிதியில் முன்பணம் எடுத்தேன், போதவில்லை. 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவனும் குற்றவாளிதான் என்று தெரிந்தே கொடுத்தேன். கடைசியில் துண்டு விழுந்ததற்கு என் மனைவி நான்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். மாமனாரிடம் கைநீட்ட மாட்டேன் என்றவன், அவர் தம் மகளுக்குப் போட்டு அனுப்பியதை வாங்கி விற்றேன். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டினால் தேவலை.

துவாரகா 10:

என்னுடையது சின்ன விஷயம். 2016 ஜனவரியில் வண்டி எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் கார் ஓட்டவிட்ட பதினைந்து நாளில் ஞானம் வந்து காரை விற்றேன். மெட்ரோ போதும் என்றேன். எனக்குப் போதும்தான். முருகன் கோவிலான மலை மந்திருக்குப் போக வேண்டும் என்று அம்மா கேட்பதே நின்றுவிட்டது. கேட்கவில்லை என்பதைக் கவனிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. இப்போது கிருத்திகைக்கு டாக்ஸி பிடிக்கிறேன்.

செக்டார் நான்கு:

எல்லோருக்கும் நன்றி. பெட்டிக்காரன் தம்பி, பெரிய பெட்டி 1994இல் எனக்கும் வந்தது. ஏன் என்று இத்தனை நாள் தெரியாது.

இதையெல்லாம் படித்த பிறகு, மனம் கேட்காமல் நேற்றிரவு மகனுக்குப் போன் செய்தேன். புனேயில் இருக்கிறான், அவனுக்கே ஒரு பையன் இருக்கிறான். அந்தக் காஜு கத்லி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “ஏன் இல்லாமல்? கால் கிலோ வாங்கி வந்து, இரண்டு போக மீதியெல்லாம் எனக்கே கொடுத்தீர்களே அப்பா. அக்காவுக்குக்கூடக் கொடுக்கவில்லை” என்று சிரித்தான். எண்ணியது? அது அவனுக்கு நினைவே இல்லை.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு இருக்கிறது” என்றாள்.