ஹாலோவீன் எந்தக் கிழமை? 'சூப்பர்நேச்சுரல்' முதல் அத்தியாயத்தின் நாள் கணக்கு

உவர்மலை வாசகி:

பேய் பிசாசுகளை வேட்டையாடும் அண்ணன் தம்பியின் கதையான 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முழுதாகப் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. 15 சீசன், 327 அத்தியாயம். ஊரடங்குக் காலத்தில் ஒருமுறை பார்த்து முடித்தேன். இப்போது தம்பியோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே நாள் கணக்கு இடிக்கிறது.

1983 நவம்பர் 2 இரவு தாய் மேரி கூரையில் ஒட்டியபடி எரிந்து சாகிறாள். அப்போது சாம் ஆறு மாதக் குழந்தை. 22 வருடம் கழித்து அவன் ஸ்டான்ஃபோர்டில் படிக்கிறான். ஹாலோவீன் விருந்து முடிந்த இரவு அண்ணன் டீன் வீடு புகுந்து, "அப்பாவைக் காணவில்லை" என்கிறான். திங்கள் காலை சட்டக் கல்லூரி நேர்முகம் இருக்கிறது, அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் சாம் கிளம்புகிறான். ஜெரிகோவில் வெள்ளை உடைப் பெண்ணின் ஆவியை அடக்கிவிட்டுத் திரும்பிய இரவே சாமின் காதலி ஜெசிக்காவும் தாயைப் போலவே எரிகிறாள். அடுத்த அத்தியாயத்தில் சாம் காணும் கனவில் அவளுடைய கல்லறைக் கல் வருகிறது. அதில் இறந்த நாள் 2005 நவம்பர் 2.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்த வருடத் தீபாவளி நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அதை நான் மறக்கமாட்டேன். முந்தின மார்கழியில்தான் சுனாமி சித்தியைக் கொண்டுபோனது. ஆட்டைத் திவசம் முடியாத வீடு என்பதால் அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. முன்வீட்டு மாமி முறுக்கும் பயற்றம் பணியாரமும் ஒரு தட்டில் போட்டு, மேலே வாழையிலை மூடி, மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு வந்து தந்தார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். செவ்வாய், 1.

தீபாவளி செவ்வாய் என்றால் ஹாலோவீன், அதாவது அக்டோபர் 31, திங்கட்கிழமை. திங்கள் இரவு கிளம்புகிறவன் திங்கள் காலைக்குள் திரும்புவது எப்படி? ஜெசிக்கா இறந்த நவம்பர் 2 புதன்கிழமை. வேறு கணக்கு இருந்தால் சொல்லுங்கள்.

அலஸ்தோட்டத்தான்:

அக்கா, இதைத் தவறு என்று சொல்ல முடியாது. வார நடுவில் வரும் பண்டிகைக்கு முந்தின வெள்ளி, சனியிலேயே மாணவர்கள் விருந்து வைத்துவிடுவார்கள். விருந்தை அக்டோபர் 28 வெள்ளி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு திரும்பினால் திங்கள் நேர்முகத்துக்குப் போகலாம். வேஷம் போட்ட கூட்டத்தைக் காட்டியதால் அது 31ஆம் தேதிதான் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

உவர்மலை வாசகி:

தம்பி, நானும் முதலில் அந்த வழியாகத்தான் போனேன். ஞாயிறு திரும்பினால் அது 30ஆம் தேதி. ஜெசிக்கா இறப்பது திரும்பிய அதே இரவில். அவள் சுட்டுவைத்த பிஸ்கட் மேசையில் இருக்கிறது, சாம் ஒன்றை எடுத்துக் கடித்தபடி போய்க் கட்டிலில் விழுகிறான், நெற்றியில் இரத்தத் துளி விழுகிறது. இடையில் ஒரு நாள்கூட நுழைக்க இடமில்லை. கல்லறைக் கல்லோ 2 என்கிறது. விருந்தை முன்னுக்கு இழுத்தால் சாவுத் தேதி தவறுகிறது. சாவுத் தேதியைக் காப்பாற்றினால் நேர்முகம் தவறுகிறது.

பாலையூற்றுப் பெரியம்மா:

பிள்ளை, நான் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஹாலோவீன் இரவு கிளம்பி நவம்பர் 2 இரவு திரும்பி, மறுநாள் திங்கட்கிழமையாக வேண்டும் என்றால், நவம்பர் 2 ஞாயிறாக இருக்க வேண்டும். 2003இல் அப்படி வந்தது, பிறகு 2008இல் வந்தது. 2005க்கு வழியே இல்லை. நீ பிடித்தது சரி.

இன்னொன்று. நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்று சேமக்காலைக்குப் போய்ப் புல் பிடுங்கி, மெழுகுதிரி கொளுத்தி, பூப் போட்டு இறந்தவர்களுக்காகச் செபிப்போம். தாயும் காதலியும் அந்த நாளில் போனார்கள் என்பது பேரப்பிள்ளைகளோடு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சில் தைத்தது. அந்தத் தேதியை விட்டுக்கொடுக்காமல் கிழமையை விட்டுக்கொடுத்தார்களே, அதில் எனக்குக் குறை இல்லை.

கமராக்காரன்:

திருமண வீடியோவும் குறும்படமும் எடுத்துப் பிழைக்கிறவன் நான். முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது 2005 செப்டம்பர் 13. கதை நடப்பதோ அதற்கு ஏழு வாரம் கழித்து. எழுதியவர்களுக்கு அந்த நவம்பர் இன்னும் வராத நாள். முதல் அத்தியாயம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எடுக்கப்பட்டது, பிறகு படப்பிடிப்பு முழுவதும் கனடாவின் வன்கூவருக்குப் போய்விட்டது. கல்லறைக் கல் அங்கே செய்ததுதான். அதில் தேதி பொறித்தவர் 22 வருடத்தைக் கூட்டினார், கிழமையைத் தேடவில்லை என்பது என் ஊகம்.

ஒரே காட்சியை இரண்டு தடவையில் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு காட்சி எடுத்தோம். நடிகர் நடந்து வர, பின்னால் ஆலமரத்தடியில் நல்ல கொம்போடு ஒரு கலைமான் நின்றது. கேட்டாலும் கிடைக்காத அழகு. மீதியை ஒன்றரை மாதம் கழித்துத்தான் எடுக்க முடிந்தது. அதே மரம், அதே நேரம், அதே சட்டை. மானும் வந்து நின்றது, கொம்பு உதிர்ந்து இரண்டு குமிழோடு. புள்ளிமான் கொம்பை உதிர்த்து உதிர்த்து வளர்க்கும் என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். பார்க்கிறவர் அதைக் கவனிக்கமாட்டார் என்று நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, மான் வரும் முழுத் துண்டையும் வெட்டிவிட்டேன்.

இந்தத் தொடர்க்காரர்கள் சில இடங்களில் வெட்டாமலேயே தப்பியிருக்கிறார்கள். இரண்டாம் சீசனில் சாமாக நடித்த ஜாரெட் படலெக்கிக்குக் கையில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டை மறைக்காமல், எழுந்து வந்த பிணத்தோடு நடந்த சண்டையில் கை முறிந்ததாகக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு பல அத்தியாயங்களில் அவர் கட்டோடுதான் வருகிறார். அதே சீசனில் அண்ணனும் தம்பியும் ஓட்டித் திரியும் 1967 இம்பாலா காரின் கன்சாஸ் இலக்கத்தகடு ஒஹாயோ தகடாக மாறுவதைப் பலர் தவறு என்கிறார்கள். அது தவறு இல்லை, பொலிஸ் தேடும் காரில் யார் பழைய தகட்டோடு ஓடுவார்கள்?

அலஸ்தோட்டத்தான்:

கமராக்கார அண்ணா, அந்த இம்பாலாவைப் பற்றி ஒன்று. ஐந்தாம் சீசன் கடைசியில், ஜெனரல் மோட்டர்ஸின் பத்துக் கோடியாவது கார் 1967 ஏப்ரல் 21 அன்று ஜேன்ஸ்வில் ஆலையிலிருந்து வெளிவந்தது, மூன்று நாள் கழித்து அதே வரிசையில் இந்த இம்பாலா வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பத்துக் கோடியாவது கார் உண்மை. நீல நிறக் கேப்ரிஸ், அதே ஆலை, அதே தேதி. வண்டியின் பிறந்தநாளுக்கு இவ்வளவு பார்த்தவர்கள் ஜெசிக்காவின் புதன்கிழமையைப் பார்க்காமல் விட்டார்களே என்றுதான் இப்போது தோன்றுகிறது. அக்கா, உங்கள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன்.

உவர்மலை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மா, 2003 என்ற விடையைக் கொப்பியில் எழுதிவைத்துவிட்டேன். கல்லறைக் கல்லை மறுபடியும் பார்த்தபோது தம்பி இன்னொன்றைக் காட்டினான். ஜெசிக்கா பிறந்தது 1984 ஜனவரி 24. டீன் பிறந்ததும் ஜனவரி 24தான், வருடம் 1979. இதைத் தெரிந்தே செய்தார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. இன்றிரவு மூன்றாவது அத்தியாயம் பார்க்கிறோம், கலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.