சைக்கிள் விபத்து: நம்ம மேலயும் கொஞ்சம் தப்பு இருந்தா நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி:
அண்ணா, அமெரிக்காவுக்குப் புதுசா வந்திருக்கேன். சைக்கிள்லதான் ஆபீஸ் போய் வர்றேன். போன வாரம் சாயங்காலம் நேரா போயிட்டு இருந்தப்ப, பக்கத்துல வந்த கார் திடீர்னு ரைட் டர்ன் எடுத்து இடிச்சுடுச்சு. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கு. என் முன் லைட் எரியலங்கிறது உண்மை. கார்க்காரரோட இன்சூரன்ஸ்ல இருந்து போன் பண்ணி, "லைட் இல்லாம வந்தது உங்க தப்புதானே"ங்கிறாங்க. விட்டுடலாமா?

பதில்:
தம்பி, எந்த மாநிலம்னு சொல்லவே இல்லையே? பாதி பதில் அதுலதான் இருக்கு.

கலிஃபோர்னியா, நியூயார்க்ல உங்க பங்கு எவ்வளவு இருந்தாலும் அதைக் கழிச்சுட்டு மீதி வரும். மொத்த நஷ்டம் 1,00,000 டாலர், உங்க தப்பு 30 சதவீதம்னு முடிவானா 70,000. டெக்சாஸ், இல்லினாய், நியூ ஜெர்சில உங்க பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினா ஒரு டாலர்கூட கிடையாது. ஃப்ளோரிடாவும் 2023-ல இந்த வரிசைக்கு வந்துடுச்சு. ஜார்ஜியால 50-ஐத் தொட்டாலே போச்சு.

கொடுமை எங்கன்னா அலபாமா, மேரிலாண்ட், நார்த் கரோலினா, வர்ஜீனியா. சில விதிவிலக்குகள் தவிர, அங்க ஒரு சதவீதம் உங்க மேல நின்னாலே மொத்தமும் போயிடும். ஐடி வேலைக்கு நம்மாளுங்க நிறைய போற ஊர்கள் இந்த மாநிலங்கள்லயும் இருக்கு, ஆனா பலருக்கும் இது அடிபட்ட பிறகுதான் தெரிய வருது. வாஷிங்டன் டி.சி.யும் முன்னாடி அப்படித்தான். 2016-ல சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் நடந்து போறவங்களுக்கும் தளர்த்தினாங்க.

கேள்வி கேட்டவர்:
டெக்சாஸ் அண்ணா.

பதில்:
அப்ப விடாதீங்க. போன்ல பேசினவர் சொன்னது தீர்ப்பு இல்ல, பேரத்துல அவர் வைக்கிற முதல் விலை. அவரோட கம்பெனி காசை மிச்சம் பிடிக்கிறதுதான் அவர் வேலை, அதுல கோபப்பட ஒண்ணுமில்ல. ஒத்து வரலைன்னா சதவீதத்தை முடிவு பண்றது கோர்ட்ல உட்கார்ற ஜூரி, அதாவது பொதுமக்கள்ல இருந்து எடுக்கிற குழு.

லைட் விஷயத்துல ரெண்டு கேள்வி இருக்கு. முதல்ல, அந்த நேரத்துல லைட் கட்டாயமா? டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டப்படி 'இரவு' தொடங்குறது சூரியன் மறைஞ்சு அரை மணி நேரம் கழிச்சு. அஸ்தமனம் 6:40-னா, 7:00 மணிக்கு நடந்த விபத்துக்கு அந்த விதி பொருந்தாது. அதனால 911 (அவசர உதவி எண்) அழைப்பு எத்தனை மணிக்குப் பதிவாச்சு, அன்னிக்கு அஸ்தமனம் எப்போன்னு இன்னிக்கே எடுத்து வைங்க.

ரெண்டாவது, லைட் இல்லாததாலதான் இடிச்சாரா? இதை யாரும் கேட்கிறதே இல்ல. சட்டத்துல சும்மா விதி மீறல் போதாது, அந்த மீறல் விபத்துக்குக் காரணமா இருக்கணும். அவர் உங்களைத் தாண்டி வந்து திரும்பியிருந்தா, தாண்டும்போதே பார்த்திருப்பார். பின்னாடி வர்றவருக்கு உங்க முன் லைட் எரிஞ்சாலும் தெரியப் போறதில்ல. ஆனா எதிர்த் திசைல, அதாவது ரோட்டோட இடது பக்கம் ஓட்டிட்டு வந்திருந்தீங்கன்னா கதை வேற. இடது பக்கம் ஓட்டிப் பழகின நாடுகள்ல இருந்து வர்றவங்க இதுல மாட்டுவாங்க. திரும்புற டிரைவர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார், தப்போட பெரும்பங்கு உங்க தலைல விழும்.

போலீஸ் ரிப்போர்ட்டை வாங்கிப் படிங்க. ஆம்புலன்ஸ் உங்களைத் தூக்கிட்டுப் போயிருந்தா, டிரைவர் சொன்னது மட்டுமே அதுல இருக்க வாய்ப்புண்டு. உங்க தரப்பையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்க. பக்கத்துக் கடை கேமரா பதிவு சீக்கிரம் அழிஞ்சுடும், அதுக்கு முதல்ல ஓடுங்க. சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுத்துடாதீங்க, எங்க நசுங்கியிருக்குங்கிறதே சாட்சி.

எதிர்த் தரப்பு இன்சூரன்ஸ் ரெக்கார்டட் ஸ்டேட்மென்ட் (நீங்க பேசுறதைப் பதிவு பண்ற வாக்குமூலம்) கேட்டா, வக்கீலைப் பார்த்துட்டுப் பேசுறேன்னு சொல்லிடுங்க. பொய் சொல்லச் சொல்லல. பார்த்ததை, நடந்ததைச் சொல்லுங்க. "என் மேலயும் தப்புதான்"னு கணக்கை நீங்களே போட்டுக் கொடுக்காதீங்க. வக்கீல் ஃபீஸ் பெரும்பாலும் கிடைக்கிற தொகைல மூணுல ஒரு பங்கு, முன்பணம் இருக்காது. உங்க ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டின ஆஸ்பத்திரிப் பணத்தை அவங்க இந்தத் தொகைல இருந்து திருப்பிக் கேட்கலாம். செட்டில்மென்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதையும் கழிச்சுப் பாருங்க.

இன்னொருவர்:
நான் ஜெர்மனில. ஹெல்மெட் போடலைன்னா இங்கேயும் குறைப்பாங்களா?

பதில்:
சாதாரணமா ஓட்டிட்டுப் போனதுக்குக் குறைக்க மாட்டாங்க. கார்க் கதவைத் திறந்து ஒரு பெண்ணை விழ வெச்ச வழக்குல, ஹெல்மெட் இல்லைன்னு கீழ்நீதிமன்றம் 20 சதவீதம் குறைச்சது. உச்ச நீதிமன்றமான பிஜிஹெச் 2014 ஜூன்ல அதை ரத்து பண்ணி முழு நஷ்டஈடு கொடுத்தது. ரேஸ் மாதிரி ஓட்டுறவங்களுக்கு இதே பதில்னு எடுத்துக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
இதால விசாவுக்குப் பிரச்சினை வருமா அண்ணா? எவ்வளவு நாள் டைம் இருக்கு?

பதில்:
நஷ்டஈடு கேட்கிறது சிவில் விவகாரம், குற்ற வழக்கு இல்ல. டெக்சாஸ்ல வழக்குப் போட 2 வருஷம். இடிச்சது மாநகராட்சி வண்டியா இருந்தா முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கிற கெடு தனி, அது மாசக் கணக்குலதான் இருக்கும். கார் யாருதுன்னு ரிப்போர்ட்ல பார்த்துட்டு வாங்க.