பேபேக்கில் பழைய கார் உதிரிகள் கண்ணில் படவில்லை

சத்துவாச்சாரி_07:
நீட் ஃபார் ஸ்பீட் பேபேக்னு கார் ரேஸ் கேம் ஆடறேன். அதுல தேடிக் கண்டுபிடிச்சுக் கட்டவேண்டிய பழைய பீட்டில் காரின் உதிரி இருக்குற இடத்தை வீடியோ பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா, அங்க ஒண்ணுமே இல்ல. கேம்ல கோளாறாணா? கார் தயாரானா எந்தப் பந்தய வகைக்குப் போடலாம்?

காட்பாடி கியர்:
கோளாறு இல்ல தம்பி. முதல்ல லீக்குங்கிற பந்தயக் குழுவோட தலைவனை ஜெயிக்கணும், அப்புறம் சேஸிஸை, அதாவது காரோட அடிச்சட்டத்தை எடுக்கணும். அதுக்கப்புறம்தான் மத்த நாலு உதிரியும். வரிசை மாறினா நேரா போய் நின்னாலும் கிடைக்காது.

உதிரி இருக்குற இடத்துக்கு கேம் காட்டுற துப்புப் படம் மேப்போட ஒரு துண்டுதான். நிறத்தைப் பார்க்காத, ரோட்டு வளைவைப் பாரு. பெரிய மேப்பை நல்லா ஜூம் பண்ணி, அதே வளைவு வர்ற இடத்துல குறி வை. பாதி உதிரி மண் பாதையில இருக்கு, மண்ணுல ஓடுற ஆஃப்ரோடு வண்டி எடுத்துட்டுப் போ.

இப்படித் தேடிக் கட்டுற பழைய கார் மொத்தம் 5: 1963 பீட்டில், 1965 மஸ்டாங், 1955 பெல் ஏர், 1965 செவர்லே சி10, 1971 ஃபேர்லேடி. பெல் ஏரை விட்டுடாத!

ராணிப்பேட்டை ரன்னர்:
வகையை அவசரத்துல தட்டாத. டிரிஃப்ட்டுன்னு (சறுக்கி ஓட்டுறது) கட்டின வண்டியை டிராக் ரேஸுக்கு (drag, நேர்கோட்டுப் பந்தயம்) மாத்த முடியாது. எந்த வகையில உன்கிட்ட வண்டி சொத்தையோ அதுக்குப் போடு. கட்டினவுடனே பந்தயத்துக்குப் போனா தோப்ப. பிளாக், ஹெட், ஈசியூ, டர்போ, எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ்னு ஆறு ஸ்பீடு கார்டையும் (வண்டியோட திறனைக் கூட்டுற உதிரி அட்டை) ஏத்து. வேண்டாத கார்டை டோக்கனா மாத்து. 3 டோக்கன் போட்டா புது கார்டுக்காக ஒரு சுத்து சுத்தலாம்.

காட்பாடி கியர்:
சுத்தும்போது உதிரி, பிராண்டுன்னு வர்றதுல ஒண்ணை மட்டும் மாறாம பூட்டலாம். மட்டமா இருக்குற உதிரியையே பூட்டு. பிராண்டைப் பூட்டினா ஏற்கெனவே நல்லா இருக்குற உதிரியே திரும்ப வந்து டோக்கன் வீண்.

சத்துவாச்சாரி_07:
சரிணா, சேஸிஸ்லருந்தே ஆரம்பிக்கிறேன்.