பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க் வீங்குகிறது: இ20 பெட்ரோலில் இருந்து எப்படிக் காப்பது?

கேள்வி: கொங்கு ஓட்டி

வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். 2011ஆம் ஆண்டில் தயாரான வெளிநாட்டு இரட்டைச் சிலிண்டர் பைக் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கினேன். அதன் பெட்ரோல் டேங்க் இரும்பு அல்ல. கறுப்பு நிறப் பிளாஸ்டிக் டேங்கின் மேல் வண்ணம் பூசிய பக்க மூடிகள் தனியாகப் பொருந்தும்படி அமைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டுவேன். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மாதங்கள் அது அப்படியே நிற்கும்.

இப்போது பங்க்கில் ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் (சாராயம்) கலந்த பெட்ரோல். சென்ற மழைக்காலம் முடிந்து உறையை எடுத்தபோது, முன்பெல்லாம் ‘டக்’ என்று உட்காரும் பக்க மூடிகள் உட்கார மறுத்தன. டேங்கைக் கழற்றி மாட்ட முயன்றபோது பின்பக்கப் போல்ட் துளை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் விலகி நின்றது. டேங்கின் மூக்குப் பகுதி ஹேண்டில் கழுத்தை நெருங்கி வந்திருக்கிறது. அடியில் பம்ப் பொருந்தும் இடத்தில் கசிவு தெரியவில்லை என்றாலும், காலையில் வண்டிக் கொட்டகையைத் திறந்தால் பெட்ரோல் வாடை வருகிறது.

நான் கேட்டறிந்த மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் டேங்கை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கச் சொல்கிறார். இன்னொருவர் எத்தனாலை முறிக்கும் திரவம் ஒன்றை ஊற்றச் சொல்கிறார். மூன்றாமவர் டேங்கின் உள்ளே எபாக்ஸி (கலந்து ஊற்றினால் இறுகும் பிசின்) பூச்சு கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார். புதிய டேங்க் கிடைக்கவில்லை. இவற்றில் எதைச் செய்வது?

பதில் 1: வார்ப்பு ஆலைக்காரன்

சுழல் வார்ப்பு முறையில் பிளாஸ்டிக் தொட்டிகள் செய்யும் ஆலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் டேங்க் எந்தப் பிளாஸ்டிக் என்பதுதான். அது தெரியாமல் சொல்லப்படும் எந்த அறிவுரையும் பாதி வண்டிகளுக்குப் பொருந்தும், மீதி வண்டிகளைக் கெடுக்கும்.

வண்டிகளின் பிளாஸ்டிக் டேங்குகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பாலிஎதிலீன், அதாவது நம் மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் இனம். இது எத்தனாலையும் தண்ணீரையும் ஏறக்குறைய சீண்டுவதே இல்லை. பெட்ரோலைத்தான் சிறிது உறிஞ்சும். பெட்ரோல் ஆவி அதன் சுவர் வழியாக மெல்ல ஊடுருவி வெளியே வரும். இத்தகைய டேங்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கொப்புளித்துக் கிளம்புவதற்கு அந்த ஆவியே காரணம். மற்றொன்று நைலான், குறிப்பாக நைலான் 6. இதன் மூலக்கூறில் உள்ள அமைடுத் தொகுதிகள் தண்ணீரையும் எத்தனாலையும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் முழுதாக ஊறிய நைலான் 6 தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீரை ஏற்கும் என்றால், அது எவ்வளவு தாகம் கொண்ட பொருள் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். உறிஞ்சியது உள்ளே இடம் கேட்கும். அதனால் டேங்க் எல்லாப் பக்கமும் நீளும். அரை மீட்டர் நீளமுள்ள டேங்க் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நீண்டாலே 5 மில்லிமீட்டர் ஆகிவிடும், உங்கள் போல்ட் துளை தவறுவதற்கு அது போதும்.

அப்படியானால் நைலானை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். பெட்ரோல் ஆவியைத் தடுப்பதில் பாலிஎதிலீனைவிட நைலான் மிகச் சிறந்தது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு மாடல் முதல் மோட்டார் சைக்கிள் டேங்கின் சுவர் வழியே ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராமுக்கு மேல் பெட்ரோல் கசியக் கூடாது என்று விதி வந்தது. அதை எளிதாகக் கடக்க நைலான் உதவியது. எத்தனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க, டேங்கின் அடிப்பகுதியில் அச்சில் பதிந்த குறியைப் பாருங்கள். நைலான் என்றால் ‘பி.ஏ. 6’ என்பது போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். குறி இல்லையென்றால், வார்ப்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறில் ஒரு நகத்துணுக்கு அளவு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அழுத்தி விடுங்கள். பாலிஎதிலீன் தண்ணீரைவிட இலேசானது, எனவே மிதக்கும், நைலான் மூழ்கும். குமிழி ஒட்டிக்கொண்டு நைலானையும் மிதக்க வைத்து ஏமாற்றக்கூடும் என்பதால்தான் சோப்பு.

இனி அந்த மூன்று யோசனைகள். ‘நிரப்பியே வை’ என்பது இரும்பு டேங்குக்கான பழைய ஞானம். காலியிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து நீர்த்துளியாகித் துருப்பிடிக்கும் என்பதால் அது சரி. நைலானுக்கு அது நேர் எதிரானது, ஏனெனில் நிரப்பி வைத்தால் முழு உட்சுவரும் மாதக்கணக்கில் எத்தனாலில் ஊறும். எத்தனாலை முறிக்கும் திரவம் என்று ஒன்று கிடையாது. கலந்த எத்தனாலை டேங்குக்குள் வைத்தே பிரித்து வெளியேற்ற எந்தப் புட்டியாலும் முடியாது. நிலைப்படுத்தி என்று விற்பவை பெட்ரோல் பழையதாகிப் பிசினாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பூச்சைப் பற்றி, நீங்கள் சோதனை செய்து வந்த பிறகு எழுதுகிறேன்.

வாடை வருகிறது என்றீர்களே, அதைத்தான் உடனே கவனிக்க வேண்டும். பம்ப் பொருந்தும் வளையப் பள்ளமும் டேங்கோடு சேர்ந்து விரிகிறது. அதில் இருக்கும் ஓ ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், பழைய நைட்ரைல் ரப்பராக இருந்தால் அதுவும் வீங்கி இறுக்கம் இழக்கும். கசிந்து சூடான இயந்திரத்தின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அது சரியாகும் வரை ஓட்டாதீர்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டேங்கின் மூக்கிலோ மூடியிலோ எதுவும் தட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

பதில் 2: தேம்ஸ்கரைத் தமிழன்

மேலே சொன்ன இரண்டு வகையோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்த இழையைப் படிப்பவர்களில் பழைய புல்லட்டை மாற்றியமைத்து ஃபைபர் கிளாஸ் (கண்ணாடியிழை) டேங்க் போட்டவர்களும் இருக்கக்கூடும். பிரிட்டனில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த பல வண்டிகளில் கண்ணாடியிழை டேங்க் உண்டு. நான் வைத்திருப்பதும் அவற்றில் ஒன்று. இங்கே 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆனது.

கண்ணாடியிழையைப் பிணைத்திருக்கும் பழைய பாலியெஸ்டர் ரெசினை எத்தனால் இளக்கிவிடும். நைலான் வீங்குவதோடு நிற்கிறது, இது கரைந்தே போகிறது. கரைந்த ரெசின் கார்புரேட்டர் வழியே உள்ளே போய் வால்வின் தண்டில் பிசினாகப் படிந்து இறுகும். வெளியே பார்த்தால் டேங்கின் வண்ணம் நொய்ந்து சுருங்கும். இதற்கு உலர்த்துவது போன்ற மீட்பு கிடையாது. ஓட்டிவிட்டு வந்த அன்றே நான் வடித்துவிடுகிறேன், அடுத்த குளிர்காலத்துக்குள் அலுமினிய டேங்க் மாற்றுவதாக இருக்கிறேன். அழகுக்காக அந்த டேங்கை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னேன், இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

பதில் 3: பங்குக்குப் பக்கத்து வீடு

எத்தனால் இல்லாத பெட்ரோலையே ஊற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். நாட்டில் 2022 ஜூனில் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2025இல் அது 20 சதவீதம் ஆகிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பெட்ரோல் பங்குகளில் தர வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எனவே சாதாரணக் குழாயில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரிய நகரங்களில் சில பங்குகளில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். லிட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல் கூடுதலாகும். பேச்சை நம்பாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். 100 மில்லி கண்ணாடி அளவு உருளையில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் 90 மில்லி பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியிலுள்ள நீர்ப்படலம் 10இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28ஐ நெருங்கினால் அது இ20. திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். 95 என்று எழுதிய பெட்ரோலில் எத்தனால் இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம்; எத்தனாலே ஆக்டேன் எண்ணை உயர்த்தும் பொருள்தான்.

கொங்கு ஓட்டி

மூவருக்கும் நன்றி. பம்ப் வளையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிசிறைச் சீவிப் போட்டேன். கல்லைப் போல மூழ்கியது. பிறகு தேடியதில் அடிப்பகுதியில் குறியும் கிடைத்தது, நைலான் 6 தான். வண்டியை நிறுத்திவிட்டேன். இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் கிளட்ச் கம்பியின் உறை டேங்கின் மூக்கில் உரசுகிறது. இனி உலர்த்துவதா, பூச்சு கொடுப்பதா?

பதில் 4: வார்ப்பு ஆலைக்காரன்

முதலில் உலர்த்துங்கள், அதற்குப் பிறகு அளந்துவிட்டு முடிவு செய்யலாம். திறந்த வெளியில் பெட்ரோலை முழுதாக வடியுங்கள். வடித்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது எடுத்து ஒளியில் பாருங்கள்; அடியில் தனிப்படலம் தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது. 10 சதவீதக் கலப்புப் பெட்ரோல் தன் கொள்ளளவில் அரை சதவீத நீரை, அதாவது 15 லிட்டருக்கு ஏறக்குறைய 75 மில்லியை, கரைத்து வைத்திருக்கும். இ20 இன்னும் கொஞ்சம் தாங்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும், நைலானுக்கு அதைவிடக் கெட்ட குளியல் வேறில்லை.

பம்பைக் கழற்றி, இரண்டு வாய்களையும் மெல்லிய துணியால் மூடி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் டேங்கைக் கவிழ்த்து வையுங்கள். ஆவி வாடை போனதும் துணியை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே தொங்கவிட்டு வாயை மூடலாம். நைலான் காற்றின் ஈரத்தையும் குடிக்கும் என்பதால் கோவையின் மழை மாதங்களில் இது உதவும். வாரங்கள் ஆகும். வெப்பக் காற்று ஊதி அவசரப்படுத்தினால் சுவர் கோணிவிடும்; தீ அபாயமும் உண்டு. இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள், எண் இரண்டு வாரம் மாறாமல் நின்றால் அது சுருங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரும்பகுதி திரும்பி வரும். எல்லாமும் வராது.

மிச்சமுள்ள விலகலுக்காகப் போல்ட்டை நெம்பி இறுக்க வேண்டாம், டேங்கின் காது விண்டுவிடும். வண்டிப் பக்கத்துத் தாங்கியின் துளையைச் சற்று நீள்துளையாக அரவிவிட்டு, அகலமான வாஷரும் ரப்பர் புஷ்ஷும் போட்டு, டேங்க் நீளவும் சுருங்கவும் இடம் விடுங்கள். ஓ ரிங்கை எத்தனால் தாங்கும் ஃபுளோரோகார்பன் ரப்பரில் வாங்குங்கள். வீங்கிய பழைய வளையத்தை அளந்து வாங்கினால் பெரியதாக வந்துவிடும், வளையம் உலர்ந்த பிறகு அளவெடுங்கள்.

வாரம் தவறாமல் ஓட்டி, மாதக்கணக்கில் நிறுத்தும்போதெல்லாம் வடித்து உலர வைப்பவராக இருந்தால் உங்களுக்குப் பூச்சு தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்குப் பொறுமை இல்லையென்றால் மட்டும் பூச்சுக்குப் போங்கள். சாதாரண எபாக்ஸி எத்தனாலில் இளகும். பீனால் நோவலாக் வகை எபாக்ஸி வேண்டும். துருப்பிடித்த இரும்பு டேங்குக்கென விற்கும் பூச்சுகளை நைலானில் ஊற்றாதீர்கள். டேங்க் முழுதாக உலரும் முன் பூசினால், சுவருக்குள் இருக்கும் எத்தனால் வெளியேற வழியின்றிப் பூச்சைத் தூக்கிவிடும், அது செதிலாக உதிர்ந்து பம்பின் வடிகட்டியை அடைக்கும். கூரிய திருகாணிகளை ஒரு கைப்பிடி உள்ளே போட்டு, டேங்கைப் பல திசைகளில் நெடுநேரம் குலுக்கினால் உட்சுவர் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சு பிடிக்கும். பிறகு திருகாணிகளை எண்ணி எடுங்கள், போட்டது நாற்பது என்றால் வருவதும் நாற்பதாக இருக்க வேண்டும்.

பம்ப் வாயின் மரைகளையும் ஓ ரிங் உட்காரும் பள்ளத்தையும் ஊற்றுவதற்கு முன்பே நாடாவால் மூடிவிடுங்கள். நான் முதல் டேங்குக்குப் பூசியபோது அதை மறந்துவிட்டு, இறுகிய எபாக்ஸியைச் சிற்றுளியால் சுரண்டி எடுக்க இரண்டு மாலைகள் செலவழித்தேன்.