சிகரெட்டை நிறுத்த முதல் வேப் கருவி: எதை வாங்குவது, எந்தச் சுவை?

மாறன்:
பல ஆண்டுகளாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்து வருகிறேன். காலையில் கண் விழித்த கையோடு ஒன்றைப் பற்ற வைக்காவிட்டால் எனக்கு எதுவும் ஓடாது. நிகோடின் சூயிங்கம் மென்று பார்த்தும், விரலிடையில் எதையாவது பிடித்து இழுக்கும் பழக்கம் போகவில்லை என்பதால் வேப்புக்கு, அதாவது நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்-சிகரெட்டுக்கு, மாற எண்ணுகிறேன். பாட், மோட், ஓம், வாட் என்று படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. எந்தக் கருவியில் தொடங்குவது? புகையிலைச் சுவையா, பழச் சுவையா?

செந்தில்வேல்:
கருவியை அப்புறம் பார்க்கலாம்; முதலில் நிகோடின் அளவை முடிவு செய்யுங்கள். பலர் பயந்துகொண்டு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடின் மட்டும் உள்ள திரவத்தை வாங்கி, அது போதாமல் நாள் முழுவதும் இழுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் சிகரெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறது என்றால் அது வலுவான அடிமைத்தனம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் சட்டப்படியான உச்சவரம்பு. நீங்கள் அதை ஒட்டியே தொடங்கலாம். அந்தச் செறிவில் சாதாரண நிகோடின் தொண்டையைக் கரகரவென்று அறுக்கும். அமிலம் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்த நிகோடின் சால்ட் மென்மையாக இறங்கும்.

கருவியைப் பொறுத்தவரை, சிகரெட்டைப் போலவே புகையை முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு உள்ளே விடும் வகையைச் சேர்ந்த, காற்று இறுக்கமாக வரும் சிறிய பாட் (திரவக் குப்பியைச் செருகிப் பயன்படுத்தும் கருவி) போதும். காயிலின் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) மின்தடை 1 ஓம் அளவிலும், திரவத்தின் அடிப்படையான கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் சரிபாதியாகவும் இருக்கட்டும். மேகம் மேகமாகப் புகை விடும் பெரிய கருவிகளில் இந்தத் திரவத்தை ஊற்றினால் குமட்டலும் தலைச்சுற்றலும்தான் மிஞ்சும். புதிய காயிலில் திரவத்தை நிரப்பிய பின், காயிலுக்குள் இருக்கும் பஞ்சு ஊறுவதற்குப் பத்து நிமிடமாவது விடுங்கள். அவசரப்பட்டு இழுத்துப் பஞ்சு கருகிவிட்டால் அந்தத் தீய்ந்த சுவை போகவே போகாது, காயிலை மாற்றத்தான் வேண்டும்.

கயல்விழி:
எதுவும் எரியாத கருவியில் எரிந்த புகையிலையின் சுவை வராது. ஆகவே புகையிலைச் சுவை என்று எழுதியிருப்பதை நம்பி பெரிய புட்டி வாங்காதீர்கள். சிறிய புட்டிகளாக இரண்டு மூன்று வகை போதும். தொண்டையில் ஒரு பிடிப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு மெந்தால் ஓரளவு ஈடுகொடுக்கும். புகைப்பதை விட்டதும் நாக்கும் மூக்கும் கூர்மையாகிவிடுவதால், முதல் வாரத்தில் பிடித்த சுவை பிறகு திகட்டவும் கூடும். இனிப்பூட்டி சேர்த்த திரவங்கள் காயிலில் கரிப்படிவத்தை உண்டாக்கி அதன் ஆயுளைக் குறைத்துவிடும். வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்படும் டயாசிட்டைல் நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே உள்ளடக்கம் அச்சிடப்படாத புட்டியைத் தொடாதீர்கள்.

இளம்பரிதி:
வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் 2019 முதல் வேப் கருவிகளின் விற்பனையும் இறக்குமதியும் தடை செய்யப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அத்தகைய நாட்டில் இருந்தால் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சும் சூயிங்கமும் சேர்ந்த முறை, புகைப்பதை நிறுத்த உதவும் வெரனிக்லின் மாத்திரை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்; சூயிங்கம் மட்டும் பலிக்காததால் மருந்து வழி முழுவதும் அடைபட்டுவிட்டது என்று ஆகாது. வேப் பலனளிக்கும் என்பதற்குச் சான்று உண்டு: 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு முடிவில் வேப் பயன்படுத்தியோரில் 18 விழுக்காட்டினரும், பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியோரில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் வேப்பை விடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மாறன்:
விரிவான பதில்களுக்கு நன்றி. நான் இருக்கும் நாட்டில் தடையில்லை. தொடக்கத்தில் காலைச் சிகரெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் வேப் பிடிக்கலாமா?

செந்தில்வேல்:
சில நாட்களுக்கு மட்டும், அதுவும் முடிவுத் தேதி குறித்துக்கொண்டு செய்யுங்கள். நாளுக்கு ஒரு சிகரெட் மட்டும் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருப்பதாக 2018ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. காலைச் சிகரெட்தான் கடினம் என்றால், நிரப்பி சார்ஜ் ஏற்றிய பாட் ஒன்றைப் படுக்கையருகில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். வீட்டில் சிகரெட் பாக்கெட் இருக்கவே கூடாது.